பழைய மஸ்டாங் சூடாகிறதா? ரேடியேட்டர் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட்டின் வடக்குப் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் போகும். 1995இல் தொடங்கிய உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் அது. வெயில், நெரிசல், நடக்கிற வேகம். மதியத்துக்குள் சாலையோரம் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிறைய வண்டிகள் நிற்கும். இறங்கிப் பேச்சுக் கொடுத்தால் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "போன மாசம்தான் புது ரேடியேட்டர் போட்டேன்."

அந்தப் புது ரேடியேட்டருக்குக் காசை இறக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று, முதல் முறையாகப் பழைய அமெரிக்க வி8 கார் வாங்கியவர்களுக்கு எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக 1965, 66 ஃபோர்டு மஸ்டாங்கை வைத்துக்கொள்வோம். உள்ளே 289 கன அங்குல இன்ஜின், நம் கணக்கில் 4.7 லிட்டர். "மஸ்டாங் மஸில் காரே இல்லை, அது போனி கார், 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓதான் அசல்" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வரட்டும். கொதிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் கொதிக்கின்றன, பார்க்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுத் திறக்கலாம், மெல்லத் திருகினால் ஒன்றும் ஆகாது என்பார்கள், கேட்காதீர்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே இருக்கும் மொத்தத் தண்ணீரும் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து, தளர்வாக, கை பொறுக்கும் சூட்டில் இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். சாலையில் போகும்போது முள் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து, அதன் ஃபேனையும் முழு வேகத்தில் விடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். சிக்னலில் நிற்க நேர்ந்தால் நியூட்ரலில் போட்டு நிமிடத்துக்கு 1500 சுற்று வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடியுங்கள். ஆவி வந்துவிட்டால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

படி 1: உண்மையிலேயே சூடாகிறதா?

சிரிக்காதீர்கள். இந்தக் காரின் டேஷ்போர்டில் எண்ணே கிடையாது. ஒரு பக்கம் சி, மறுபக்கம் ஹெச், நடுவில் ஒரு முள். அந்த முள்ளுக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் பின்னால் ஒரே ஒரு சின்னப் பெட்டி இருந்து, பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரியாக 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும். டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போது முள் முழு டேங்க் காட்டுகிறது, கூடவே சூட்டு முள்ளும் ஹெச் பக்கம் சாய்கிறது என்றால், இன்ஜினை விட்டுவிட்டு அந்தப் பெட்டியை மாற்றுங்கள்.

சந்தேகம் தீர, அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானதே போதும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இருக்கும் கூட்டின் மேல், அதாவது மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில், குறி வையுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால் நம்பலாம். 180 முதல் 210 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 82 முதல் 99 டிகிரி செல்சியஸ் வரை, கவலையே இல்லை. வெயில்கால நெரிசலில் 220ஐ, 104 செல்சியஸை, தொட்டாலும் அது கொதிநிலை அல்ல. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், 265 ஃபாரன்ஹீட் அளவில்தான் கொதிக்கும்.

அந்த ஆண்டுகளின் மஸ்டாங்குகளில் வழியும் கூலன்ட்டைப் பிடித்துவைக்கும் பாட்டில் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பினால், சூடாகி விரியும்போது மிச்சத்தைத் தரையில் துப்பிவிடும். மறுநாள் பார்த்தால் மட்டம் ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். புதிதாக வாங்கியவர் பதறிப்போய் மறுபடி நிரப்புவார், அது மறுபடி துப்பும். ஓர் அங்குலம் காலியாக விடுவதுதான் அதற்குச் சரியான அளவு. இப்படித் துப்புவதற்குப் பெயர் ஓவர்ஹீட் அல்ல.

படி 2: எப்போது சூடாகிறது?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் முக்கியம். பதில் தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

சிக்னலில் நிற்கும்போது ஏறி, சாலையில் ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? காற்றுக் கோளாறு. நகருக்குள் நன்றாக இருந்து, நெடுஞ்சாலையில் 60, 70 மைல் வேகத்தில் மெல்ல மெல்ல ஏறுகிறதா? தண்ணீர்க் கோளாறு; ஓட்டம் போதவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. எங்கே போனாலும், எந்த வேகத்திலும் சூடாக இருக்கிறதா? பெரும்பாலும் நெருப்பு, அதாவது இக்னிஷன் டைமிங்கோ (ஸ்பார்க் விழும் நேரம்) கார்பரேட்டரோ. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே பாய்ந்து ஏறுகிறதா? தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

மணிக்கு 40 மைலைத் தாண்டினால் எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேன் சுற்றுவதும் சுற்றாததும் ஒன்றுதான். நெடுஞ்சாலையில் சூடாகும் வண்டிக்குப் பெரிய ஃபேன் வாங்குவது வீண் செலவு என்பது இதனால்தான்.

படி 3: நெரிசலில் சூடானால்

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முகத்தருகே கொண்டுபோங்கள். பிடித்து இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டி, மூலைகளில் விழுந்துவிட்டால் ஃபேனுக்கு ஷ்ரவுட் இல்லை என்று பொருள். இந்த மஸ்டாங்குகள் பலவற்றில் அது கிடையாது. ஷ்ரவுட் என்பது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு பொருந்தும் ஒரு கூடு. அது இல்லாவிட்டால் ஃபேன் இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். நெரிசலில் சூடாகும் வண்டிக்கு நான் முதலில் சொல்லும் செலவு இதுதான். பொருத்தும்போது ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கட்டும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடையே ஓர் அங்குலமாவது விடுங்கள்.

ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நம்ப மாட்டீர்கள், நடக்கிற விஷயம்தான். இறக்கையின் குழிந்த பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். ஃபேன் க்ளட்ச் (சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடித்துவிடும் இணைப்பு) உள்ள வண்டியானால், இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் தடையில்லாமல் ஓடினாலோ, க்ளட்ச்சின் முகத்தில் எண்ணெய் பிசுபிசுத்திருந்தாலோ உள்ளே இருந்த சிலிகான் திரவம் கசிந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். வேகத்தில் தானே வளைந்து தட்டையாகும் மெல்லிய ஸ்டீல் இறக்கை ஃபேன்களை நான் பரிந்துரைப்பதில்லை. நாள்பட்டவை வெடிப்பு விட்டு, இறக்கை பிய்ந்து பானெட்டைத் துளைத்த கதைகள் உண்டு. எந்த ஃபேனானாலும் இன்ஜினை முறுக்கும்போது அதன் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

எலக்ட்ரிக் ஃபேன் மாட்டலாமா என்று கேட்பீர்கள். மாட்டலாம். ஆனால் இந்த வண்டியில் வந்த ஆல்டர்னேட்டர் சுமார் 40 ஆம்ப்தான் கொடுக்கும். நல்ல எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றே 20, 30 ஆம்ப் கேட்கும். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஹீட்டரும் சேர்ந்தால் பேட்டரி இறங்கத் தொடங்கிவிடும். அதனால் ஃபேன் விலையோடு ஆல்டர்னேட்டர், ரிலே, தடித்த ஒயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 4: நெடுஞ்சாலையில் சூடானால்

கீழ் ஹோஸிலிருந்து ஆரம்பியுங்கள். வாட்டர் பம்ப் அந்த ஹோஸ் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வேகத்தில் ரப்பர் ஒட்டிப்போகாமல் இருக்க, சில ஹோஸ்களுக்குள் ஒரு சுருள் கம்பி இருக்கும். பல வருடத் துருவில் அது தூளாகிப் போயிருக்கும். இன்ஜின் சூடானபின் ஒருவர் 3000 சுற்றுக்கு மிதிக்கட்டும், நீங்கள் விலகி நின்று பார்வையை மட்டும் கீழ் ஹோஸில் வையுங்கள். ஹோஸ் சப்பையாகிப் போனால் திருடன் அகப்பட்டான். சில நூறு ரூபாய் பெறுமான ரப்பருக்காக ரேடியேட்டர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது மூடி. அறுபதுகளின் கார்களுக்கு 13 முதல் 16 பிஎஸ்ஐ மூடி. ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் கொதிநிலை ஏறக்குறைய 3 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்கிறது. உள் ரப்பர் வெடித்திருந்தால் அந்த லாபம் முழுக்கப் போச்சு. அழுத்தம் பார்க்கும் கருவியை அமெரிக்காவில் பல ஆட்டோ பார்ட்ஸ் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். சமையலுக்குத் திரும்ப எடுக்காத பாத்திரமாக இருக்கட்டும், வீட்டில் சண்டை மிச்சம். 180 என்று போட்டிருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 200 வாக்கில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்ப்ரிங் உள்ள பக்கம் இன்ஜினுக்குள் போகட்டும். 160 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் வண்டி குளிர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது குறைந்தபட்சச் சூட்டை மட்டுமே. 220க்குப் போகும் வண்டியில் 160 போட்டால் அது கொஞ்சம் தாமதமாக 220க்குப் போகும், அவ்வளவுதான். அதை அடியோடு எடுத்துவிட்டால், தண்ணீர் வேகமாக ஓடி "சூட்டை உறிஞ்ச நேரமில்லாமல்" போகும் என்பது கட்டுக்கதை. இருந்தாலும் எடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் தரும் தடையால் இன்ஜின் பிளாக்கில் கொஞ்சம் அழுத்தம் நிற்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் தண்ணீர் உள்ளூரக் கொதித்துக் குமிழியாவதை அது தடுக்கிறது. மிச்சிகன் குளிரில் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடாகவே ஆகாது என்பது வேறு.

இப்போது ரேடியேட்டர். இந்த வண்டியில் தண்ணீர் மேல் டேங்கிலிருந்து கீழே இறங்குகிறது. சூடான இன்ஜினை அணைத்த கையோடு தெர்மாமீட்டர் துப்பாக்கியை ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக ஓட்டுங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. வெளிப்பக்கமும் பாருங்கள்: பூச்சி, இலை, பழைய பெயிண்ட், முன்னால் தொங்கும் நம்பர் பிளேட், கிரில்லை மறைக்கும் ஃபாக் லைட். ரேடியேட்டரின் இரு ஓரத்திலும் இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியாக நழுவிப் போய்விடும். நுரை ரப்பர் வைத்து அடையுங்கள்.

பிளாக்கை மறந்துவிட்டு ரேடியேட்டரை மட்டும் கழுவுவதில் பயன் குறைவு. இன்ஜினின் இரு பக்கமும் கீழே ஒவ்வொரு வடிகால் பிளக் இருக்கிறது. கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் பிளக்கை எடுத்த பிறகும் ஒரு சொட்டு வராது. ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குத்தினால் செம்மண் குழம்பு மாதிரி துரு இழுத்துக்கொண்டு வெளியே வரும். அறுபது வருட வண்டல் அது. வார்ப்புக் காலத்து மணலும் கலந்திருக்கும். பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றித்தான் அதிகம் படியும். தோட்டத்துக் குழாயை வைத்துத் தெளிவாக வரும்வரை கழுவுங்கள், சிட்ரிக் அமிலக் கரைசல் ஊற்றி ஓட்டி மறுபடி கழுவுங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, வழக்கமான திசைக்கு எதிராக அடித்தால் இன்னும் நன்றாகக் கழன்று வரும்.

வாட்டர் பம்ப்பில் புதியவர்கள் விழும் ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். பழைய மஸ்டாங்கில் எண்பதுகளின் 5.0 லிட்டர் இன்ஜினை மாற்றி வைப்பது சகஜம். அந்த இன்ஜினில் ஒரே நீளமான, பல வரிப் பெல்ட் ஓடியது. அதன் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். பழைய வி-பெல்ட் புல்லிகளை மாட்டிவிட்டு அதே பம்ப்பை விட்டுவைத்தால் அது தலைகீழாகச் சுற்றும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், லீக் இருக்காது, சத்தம் இருக்காது. தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஓடாது. பான்டியாக் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு: பம்ப்புக்குப் பின்னால் உள்ள தகட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் 0.060 அங்குலத்துக்கு, ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டருக்கு, மேல் இடைவெளி இருந்தால் பம்ப்பின் வலு குறைந்துவிடும். அந்தத் தகட்டை மெல்லத் தட்டி நெருக்கிவைப்பது பான்டியாக்காரர்களின் பழைய கைவேலை.

படி 5: எப்போதும் சூடாக இருந்தால்

டைமிங் தாமதமானால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் சிலிண்டருக்குள் தீ எரிந்துகொண்டிருக்கும். சக்கரத்தைச் சுற்ற வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் துவாரம் வழியாகப் போகும். அந்தத் துவாரத்தைச் சுற்றித்தான் ஹெட்டில் தண்ணீர் ஓடுகிறது. முடிவு தெரிந்ததுதானே.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டால் ஐடிலில் பாருங்கள். 289க்கு ஃபோர்டு சொன்னது 6 டிகிரி வாக்கில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர க்ராங்க் இன்னும் 6 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது ஸ்பார்க். இன்றைய பெட்ரோலில் 10, 12 வைத்து, இன்ஜின் தட்டும் பிங் சத்தம் வராத வரை நன்றாக ஓடும். 3000 சுற்றுக்கு மேல் மொத்தம் 34 முதல் 36 டிகிரிக்குள் நிற்கட்டும். லைட் காட்டுவதை நம்பும் முன், க்ராங்க் புல்லியின் பேலன்ஸரைப் பாருங்கள். அதன் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கிறது. ரப்பர் மட்கினால் வளையம் நழுவும், அதன்மேல் உள்ள கோடும் கூடவே நழுவும். நீங்கள் 10 டிகிரி என்று வைப்பது உண்மையில் பூஜ்யமாக இருக்கலாம். முதல் சிலிண்டர் உச்சிக்கு வருவதை பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப் கருவி வைத்துச் சரிபார்த்த பிறகே அந்தக் கோட்டை நம்புங்கள்.

பிறகு குழாயைத் திரும்ப மாட்டி, வேக்யூம் அட்வான்ஸ், அதாவது இன்ஜினின் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்கூட்டி விடும் அமைப்பு, வேலை செய்கிறதா என்று பாருங்கள். டயாபிரம் கிழிந்து பல வருடமாகியும் தெரியாமல் ஓட்டுபவர்கள் உண்டு. ஐடிலில் சூடாகும் வண்டியில் அந்தக் குழாயைக் கார்பரேட்டரின் த்ராட்டிலுக்கு மேலுள்ள முனையிலிருந்து எடுத்து, நேராக இன்டேக் மேனிஃபோல்டில் கொடுத்துப் பாருங்கள். ஐடிலிலும் அட்வான்ஸ் கிடைக்கும், முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐடில் வேகம் ஏறும், அதைக் குறைத்து வையுங்கள். இது சரியா தவறா என்று பழைய கார்க்காரர்கள் விடியவிடியச் சண்டை போடுவார்கள்; உங்கள் வண்டியில் எது குளிர்ச்சியோ அதுவே சரி. ஸ்பார்க் பிளக்குகள் வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. 10 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் கார்பரேட்டரின் பழைய ஜெட் (பெட்ரோல் அளந்து விடும் துளை) சற்றுச் சிறிதாகப் படலாம்.

படி 6: நிரப்புவது

காய்ச்சி வடித்த தண்ணீரும் பழைய பச்சை நிறக் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. செம்பு, பித்தளை, ஈயப் பற்றுவைப்பு உள்ள ரேடியேட்டருக்கு அதுதான் ஒத்துப்போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வெறும் தண்ணீர் சூட்டை இன்னும் நன்றாகக் கடத்தும், உண்மை. ஆனால் துருப்பிடிக்கும், குளிர்காலத்தில் உறைந்து பிளாக்கைப் பிளக்கும். மொத்தம் 14 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். நீங்கள் வடித்ததைவிடக் குறைவாக நிரம்பினால் உள்ளே காற்று இருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டுத் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் தகட்டில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் காற்று தானே வெளியேறும். கூலன்ட் இனிக்கும், விஷம். கீழே சிந்தியதை நாயோ குழந்தையோ நக்கும் முன் கழுவிவிடுங்கள்.

படி 7: இன்னும் அடங்கவில்லையா?

குளிர்ந்த இன்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் கழுத்தில் குமிழி விடாமல் வந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. நீலத் திரவம் உள்ள சோதனைக் குழாயைக் கழுத்தில் வைத்துப் பாருங்கள். திரவம் மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் போயிற்று, அல்லது ஹெட்டில் விரிசல் விழுந்திருக்கிறது.

இன்ஜினைப் பிரித்துக் கட்டிய பிறகே சூடாகத் தொடங்கியது என்றால் சந்தேகம் அந்தக் கேஸ்கெட்டின் திசைமேல் போக வேண்டும். இந்த ஃபோர்டு இன்ஜினில் தண்ணீர் முன்பக்கம் பிளாக்கில் நுழைந்து, பின்பக்கம் வரை போய், அங்கே ஹெட்டுக்கு ஏறி, ஹெட் வழியாக முன்னால் திரும்பி வருகிறது. கேஸ்கெட்டில் "ஃப்ரன்ட்" என்று அச்சிட்ட முனை இரு பக்கமும் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் ஒரு பக்கத்தில் எழுத்து கீழ்நோக்கிப் போய்விடும். எழுத்து மேலே தெரிய வேண்டும் என்று நினைத்துத் திருப்பிப் போட்டால், தண்ணீர் முன்னாலேயே குறுக்கு வழியில் ஏறி வெளியேறிவிடும், பின்சிலிண்டர்கள் வெந்துகொண்டிருக்கும். அதற்கு ஹெட்டை மறுபடி கழற்றுவது தவிர வேறு வழி இல்லை.

படி 8: ரேடியேட்டர், கடைசியாக

மேலே சொன்ன சோதனையில் குழாய்கள் அடைத்திருப்பது உறுதியானாலோ, இன்ஜினின் சக்தியைக் கூட்டியிருந்தாலோ இப்போது வாங்கலாம். பழைய செம்புப் பித்தளை ரேடியேட்டரின் டேங்குகள் நன்றாக இருந்தால், புதுக் கோர் (நடுக் குழாய்ப் பகுதி) போட்டுத் தரும் பட்டறையில் கொடுப்பது என் விருப்பம். வண்டியின் முகம் மாறாது. அலுமினியம் வாங்குவதானால் வரிசை எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஓர் அங்குல அகலக் குழாய் உள்ள இரண்டு வரிசை, மெல்லிய குழாய் உள்ள நான்கு வரிசைக்குச் சளைத்ததல்ல. நான்கு வரிசை காற்றையும் கூடுதலாகத் தடுக்கும்.

ஆர்டர் போடும் முன் உங்கள் பம்ப்பில் கீழ் ஹோஸ் எந்தப் பக்கம் சேர்கிறது என்று குனிந்து பாருங்கள். 1969 வரையிலான சின்ன வி8 பம்ப்புகளில் அது பயணி பக்கம். 1970 முதல் ஓட்டுநர் பக்கம். முன்பிருந்தவர்கள் பம்ப்பை மாற்றியிருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தை வைத்து வாங்கும் ரேடியேட்டர் பொருந்தாமல் திரும்பிப் போகும்.